பெருமாள் எப்படிப்பட்டவர்? வைணவம் காட்டும் கடவுளின் குணம்

திருமங்கையாழ்வார் திருவரங்கத்துப் பெருமாள் முன்னால் நின்று, தான் ஏன் வந்தேன் என்று காரணம் சொல்கிறார். நீ உலகத்தைப் படைத்தவன், அதனால் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்ட வரம் தருகிறவன், அதனால் வந்தேன் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இது:

"ஏழை ஏதலன் கீழ்மகன் என்னாது
இரங்கி மற்றவற்கு இன்னருள் சுரந்து
மாழை மான்மட நோக்கி உன் தோழி
உம்பி எம்பி என்றொழிந்திலை உகந்து
தோழன் நீ எனக்கு இங்கு ஒழி என்ற
சொற்கள் வந்து அடியேன் மனத்திருந்திட
ஆழி வண்ண நின் அடியிணை அடைந்தேன்
அணிபொழில் திருவரங்கத்தம்மானே."

கங்கைக் கரையில் ஓடம் விடுகிறவன் குகன். அறிவில்லாதவன், அயலான், தாழ்ந்த குலத்தவன் என்று ராமன் அவனை ஒதுக்கவில்லை. இந்தச் சீதை உனக்குத் தோழி, இந்தத் தம்பி நம் இருவருக்கும் தம்பி என்றான். அதோடும் நிறுத்தவில்லை, நீ என் தோழன், இங்கேயே இரு என்றான். அந்தச் சொற்கள் என் மனசில் வந்து உட்கார்ந்துகொண்டன, அதனால்தான் உன் காலடிக்கு வந்தேன் என்கிறார் ஆழ்வார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தச் சொற்கள் ஆழ்வாருக்குச் சொன்னவை இல்லை. எப்போதோ, ஓர் ஓடக்காரனிடம் சொன்னவை. ஆனாலும் இப்படிப் பேசுகிறவர் என்னையும் தள்ள மாட்டார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அடுத்த பாசுரத்தில் அனுமன் வருகிறான். 'உன்னோடு சேர்ந்து சாப்பிடுவேன்' என்று ராமன் ஒரு குரங்கிடம் சொன்னானே, அந்தப் பேறு எனக்கும் வேண்டும் என்று கேட்கிறார்.

வைணவத்தில் கடவுள் நம்பிக்கை என்றால் என்ன என்பதை இங்கிருந்தே புரிந்துகொள்ளத் தொடங்கலாம். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியைத் தத்துவ நூல்கள் நிறையவே அலசியிருக்கின்றன. ஆழ்வார்களின் பாட்டில் ஓயாமல் ஒலிப்பது, அவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி. இருக்கிறார் என்று தெரிந்த எல்லோரிடமும் நாம் போய் நம் குறையைச் சொல்லிக்கொள்வதில்லையே. குணம் தெரிந்தவரிடம்தான் போகிறோம். கீழே வடமொழிச் சொற்கள் சில வரும். பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதையோ பாசுரமோ இருக்கிறது.

குணம் உள்ள கடவுள்

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1102 பாசுரங்கள். அதன் முதல் அடி, "உயர்வற உயர்நலம் உடையவன் எவனவன்". இதற்கு மேல் உயர்வே இல்லை என்னும்படியான நற்குணங்களை உடையவன் என்று பொருள். அந்த அடியில் பெயர் இல்லை, ஊர் இல்லை, உருவமும் இல்லை. குணம்தான் முதலில் வருகிறது. அடுத்த அடியிலேயே, "மயர்வற மதிநலம் அருளினன்", என் மயக்கம் தீர அறிவும் பக்தியும் தந்தான் என்று, அந்தக் குணம் தன்மேல் பாய்ந்ததைச் சொல்லிவிடுகிறார்.

ராமானுஜர் (1017–1137) நடத்திய பெரிய வாதங்களில் ஒன்று இதைப் பற்றியதுதான். பரம்பொருளுக்கு உண்மையில் குணம் எதுவும் கிடையாது என்றது அத்வைதம். உபநிடதத்திலேயே 'நிர்குணம்' என்று வருகிறதே என்றும் காட்டியது. ராமானுஜர், பிரம்ம சூத்திரத்துக்குத் தான் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் சொன்ன பதில்: தாழ்ந்த குணம் ஒன்றும் அவனிடம் இல்லை என்பதே அதன் கருத்து; நல்ல குணங்களுக்கோ அவனிடம் கணக்கே இல்லை. பாவம் இல்லாதவன், மூப்பு இல்லாதவன், சாவு இல்லாதவன் என்று மறுத்துக்கொண்டே வரும் சாந்தோக்கிய உபநிடதம், அதே மூச்சில் அவனை நினைத்ததை முடிப்பவன் என்றும் சொல்கிறதே என்பது அவர் பக்கத்துப் பலம்.

இது பண்டிதர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய வாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. குணம் இல்லாத பொருளைத் தியானிக்க முடியலாம். அதனிடம் போய், 'தப்புச் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்' என்று சொல்ல முடியுமா? ராமானுஜர் காப்பாற்ற நினைத்தது அப்படி அழுகிற மனிதனுக்கு ஓர் இடத்தை.

குணங்களைப் பெரியவர்கள் பொதுவாக இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள். ஞானம், பலம், ஐசுவரியம், வீரியம், சக்தி, தேஜஸ் என்ற ஆறும் அவனுடைய மேன்மையைக் காட்டுகிறவை. இதற்குப் பரத்துவம் என்று பெயர். இவை மட்டும் இருந்தால் நாம் தூர நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். கிட்டே போக வைக்கிற குணங்கள் வேறு. அவற்றில் நான்கை, ராமானுஜருக்குப் பின் வந்த ஆசாரியரான பிள்ளை உலகாரியர் முமுட்சுப்படி என்ற நூலில் எடுத்துச் சொல்கிறார். சரணடையப் போகிறவன் மனசில் எழும் நான்கு தயக்கங்களுக்கு அந்த நான்கும் மருந்து. நான் செய்த குற்றத்துக்குப் பயமாக இருக்கிறதே என்றால் வாத்சல்யம். என் காரியத்தை அவர் செய்வாரா என்றால் சுவாமித்துவம். அவ்வளவு பெரியவர், நான் எங்கே என்றால் சௌசீல்யம். சரி, அவரை எங்கே போய்ப் பார்ப்பது என்றால் சௌலப்யம்.

குற்றம் செய்தவன் வந்தால்

வாத்சல்யத்துக்குப் பெரியவர்கள் சொல்லும் எடுத்துக்காட்டு, அன்று ஈன்ற கன்றைப் பசு நக்குவது. கன்றின் உடம்பெல்லாம் அழுக்கு. பசு முகம் சுளிப்பதில்லை. தன் நாக்காலேயே அதைச் சுத்தம் செய்கிறது.

ராமாயணத்தில் இதற்கு இடம் விபீஷண சரணாகதி. கடற்கரையில் வானரப் படை இறங்கியிருக்கிறது. ராவணனின் தம்பி நாலு பேரோடு வந்து நிற்கிறான். சுக்ரீவனுக்கு அடியோடு பிடிக்கவில்லை. எதிரியின் வீட்டிலிருந்து வருகிறவன், உளவு பார்க்கத்தான் வந்திருப்பான், கொன்றுவிடலாம் என்கிறான். அவன் சொன்னதில் தவறும் இல்லை. போர்க்களத்தில் எவரும் அப்படித்தான் சொல்வார்கள். ராமன் அவனுக்குச் சொன்ன பதிலைக் கவனியுங்கள். 'விபீஷணன் நல்லவன், நான் விசாரித்துவிட்டேன்' என்று அவன் சொல்லவில்லை. நண்பன் என்று சொல்லிக்கொண்டு வந்தவனை நான் எப்படியும் விட மாட்டேன், அவனிடம் குற்றமே இருந்தாலும் சரி என்கிறான். உனக்கு நான் அடைக்கலம் என்று ஒருமுறை சொன்னால் போதும், அவனுக்கு எல்லா உயிர்களிடமிருந்தும் அபயம் தருவேன், இது என் விரதம் என்கிறான். கடைசியில் ஒரு படி மேலே போய், 'அவனைக் கூட்டி வா சுக்ரீவா, வந்திருப்பது விபீஷணனானாலும் சரி, ராவணனே ஆனாலும் சரி' என்கிறான். ராமாயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்த வாத்சல்யத்தைப் பற்றி வைணவர்களுக்குள்ளேயே ஒரு நீண்ட விவாதம் உண்டு. குற்றத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடுவதே வாத்சல்யம் என்பது வேதாந்த தேசிகரை (1268–1369) பின்பற்றும் வடகலை மரபு. கன்றின் அழுக்கைப் பசு விரும்பியே நக்குவதுபோல, அடியவனின் குற்றத்தையும் அவன் இனியதாகவே கொள்கிறான் என்பது பிள்ளை உலகாரியர் வழிவந்த தென்கலை மரபு. அருள் வருவதற்கு நம் பக்கத்திலிருந்து ஒரு சிறு சாக்காவது வேண்டாமா என்பதிலும் இரண்டு மரபுக்கும் வேறுபாடு. வடகலை, வேண்டும் என்கிறது: குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிற மாதிரி நாம் பற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒருவனுக்கு அருளி இன்னொருவனை விட்டது பட்சபாதம் ஆகிவிடும். தென்கலை, பூனைக்குட்டி என்கிறது: தாயே வந்து கவ்வித் தூக்கிக்கொண்டு போகும், குட்டியின் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை.

இந்த விவாதத்தைக் கேட்டு, ஒரு தரப்புக்குக் கருணை பெரிது, இன்னொரு தரப்புக்கு நியாயம் பெரிது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தேசிகர் திருமலையப்பனின் கருணையை மட்டுமே முன்னிறுத்தி 108 சுலோகங்கள் பாடியிருக்கிறார். தயா சதகம் என்று பெயர். கருணையையே ஒரு தேவியாக எதிரே நிறுத்திப் பேசுகிற பாட்டு அது. கரும்புச்சாறாகப் பெருகி ஓடிய சீனிவாசனின் இரக்கம் உறைந்து சர்க்கரைக் கட்டியாகி நிற்பதே இந்த மலை என்று அதைத் தொடங்குகிறார். திருமலையைப் பற்றி இவ்வளவு இனிப்பாக வேறு யார் சொல்லிவிட முடியும்!

உடையவன், கூடிக் கலப்பவன்

சுவாமித்துவம் என்பது உடைமைக்காரனாக இருப்பது. நாம் அவனுடைய பொருள். பொருள் தொலைந்தால் தேடுகிறவன் அதை உடையவன்தான். எனவே நம்மைக் கரையேற்றுவது அவனுக்கே லாபம் என்று ஆசாரியர்கள் தைரியமாகப் பேசுவார்கள். ஆண்டாள் திருப்பாவை 28ஆம் பாசுரத்தில் இன்னும் தைரியமாகப் பேசுகிறாள். நாங்கள் மாட்டின் பின்னால் போய்க் காட்டில் சாப்பிடுகிறவர்கள், அறிவு ஒன்றும் இல்லாத ஆயர் குலம் என்று தங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, "குறைவொன்றும் இல்லாத கோவிந்தா, உன்தன்னோடு உறவேல் நமக்கு இங்கு ஒழிக்க ஒழியாது" என்கிறாள். எங்களிடம் எல்லாக் குறையும் இருக்கிறது, உன்னிடம் குறையே இல்லை. ஆனாலும் இந்த உறவை நீ நினைத்தாலும் அறுக்க முடியாது, நாங்கள் நினைத்தாலும் முடியாது.

சௌசீல்யம், பெரியவன் சிறியவனோடு வேற்றுமை தெரியாமல் கலந்து பழகுவது. குகனிடம் பார்த்தோமே, அதுதான். விபீஷணனைச் சேர்த்துக்கொண்டபோது கம்பனின் ராமன், "குகனொடும் ஐவர் ஆனேம்" என்று தொடங்கி, சுக்ரீவனோடு அறுவர், உன்னோடு எழுவர் என்று தம்பிகளை எண்ணுகிறான். வேடன், குரங்கு, அரக்கன் என்று ஆள் கூடக் கூட அவனுக்குக் குடும்பம்தான் பெருகுகிறது.

உரலோடு கட்டுண்டவன்

ஆழ்வார்கள் அதிகம் உருகியது சௌலப்யத்தில், அதாவது எளிதில் கிடைக்கிற தன்மையில். திருவாய்மொழியின் மூன்றாம் பதிகத்தில் நம்மாழ்வார் பாடுகிறார்:

"பத்துடை அடியவர்க்கு எளியவன் பிறர்களுக்கு அரிய
வித்தகன் மலர்மகள் விரும்பும் நம் அரும்பெறல் அடிகள்
மத்துறு கடைவெண்ணெய் களவினில் உரவிடை யாப்புண்டு
எத்திறம் உரலினோடு இணைந்திருந்து ஏங்கிய எளிவே."

அன்புடையவர்களுக்கு எளியவன், மற்றவர்களுக்கு அரியவன், திருமகள் விரும்பும் பெருமான், வெண்ணெய் திருடி மாட்டிக்கொண்டு, கட்டுண்டு, உரலோடு உரலாக ஒட்டிக்கொண்டு ஏங்கி நின்றானே, இது என்ன தன்மை! இந்த 'எத்திறம்' என்ற சொல்லோடு நம்மாழ்வார் நினைவிழந்து ஆறு மாதம் கிடந்தார் என்பது மரபு.

எதற்காக அவ்வளவு உருக வேண்டும்? எத்தனையோ வீடுகளில் குறும்பு செய்த பிள்ளையைத் தாய் கட்டிப்போட்டிருப்பாள். இங்கே கட்டுண்டவன் யார் என்று தெரிந்தால்தான் நெஞ்சு அதிரும். பாகவதத்தில் அந்தக் காட்சி விரிவாக வருகிறது. யசோதை கயிறு எடுத்துக் கட்டப் பார்க்கிறாள். இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொரு கயிற்றை முடிந்து நீட்டுகிறாள். அப்போதும் இரண்டு விரற்கடை குறைகிறது. வீட்டிலுள்ள கயிறெல்லாம் தீர்ந்தும் அதே இரண்டு விரற்கடை. அவள் உடம்பெல்லாம் வேர்த்து, கூந்தலில் வைத்த பூ உதிர்ந்து களைத்துப் போவதைப் பார்க்கிறான் கண்ணன். அப்புறம்தான் கட்டுக்கு அடங்குகிறான். உலகத்தில் எந்தக் கயிறும் அவனுக்குப் போதாது என்பது பரத்துவம். தாய் களைத்ததும் கட்டுப்பட்டான் என்பது சௌலப்யம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே இடுப்பில் தெரிகின்றன.

சரி, கண்ணன் அவதாரம் முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றைக்கு இருக்கிற நமக்கு அவன் எப்படி எளியவன் ஆவான்? பெருமாளுக்கு ஐந்து நிலைகள் சொல்வார்கள்: வைகுண்டத்தில் பரம், பாற்கடலில் வியூகம், அவதாரங்களான விபவம், உள்ளே உறையும் அந்தர்யாமி, கோயில் திருமேனியான அர்ச்சை. பிள்ளை உலகாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் ஐந்தையும் தாகம் எடுத்தவன் தண்ணீர் தேடுவதோடு ஒப்பிடுகிறார். அந்தர்யாமி பூமிக்கடியில் உள்ள நீர். தோண்டக் கருவி வேண்டும். பரம் அண்டத்துக்கு வெளியே உள்ள நீர். வியூகம் பாற்கடல். அவதாரங்கள் வெள்ளம் பெருகி ஓடிய ஆறு. அன்று கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. அந்த வெள்ளம் வடிந்தபின் அங்கங்கே தேங்கி நிற்கும் மடுக்கள் கோயில் பெருமாள்கள். குனிந்து கையால் அள்ளிக் குடிக்கலாம்.

கோயிலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அர்ச்சகர் எழுப்பினால் எழுந்து, நீராட்டினால் நீராடி, அவர் தருவதை அமுது செய்து, அவர் திரை போட்டால் காத்திருக்கிறார் உலகத்தை ஆள்கிறவர். எப்படி நினைத்தாலும் அப்படி ஆகிறவன் என்கிறார் பொய்கையாழ்வார்: "தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே". திருமலையில் மூலவரின் வலக்கை கீழ்நோக்கித் தன் திருவடியைக் காட்டுகிறது. பெருமாள் கோயில்களில் தீர்த்தம் தந்தபின் தலையில் சடாரி வைக்கிறார்களே, அதன் மேல் இருப்பவை பெருமாளின் திருவடிகள். கருவறைக்குள் போய் அந்தக் காலைத் தொட நமக்கு வழியில்லை. கால் வெளியே வந்து வரிசையில் நிற்கிற ஒவ்வொருவர் தலையிலும் ஏறி இறங்குகிறது. அதற்கு நம்மாழ்வாரின் சடகோபன் என்ற பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் தாயார்

பெருமாளின் குணத்தைப் பேசும்போது தாயாரை, அதாவது சீதையாக வந்த திருமகளை, விட்டுவிட்டால் பேச்சு பாதிதான். குற்றவாளியான பிள்ளைக்காகத் தந்தையிடம் பரிந்து பேசுகிற அவளுடைய தன்மைக்குப் புருஷகாரம் என்று பெயர். சித்திரகூடத்தில் காக்கை வடிவில் வந்து சீதையைக் கொத்தினான் இந்திரன் மகன். ராமன் ஒரு புல்லை எடுத்து அஸ்திரமாக விட, மூன்று உலகமும் ஓடி, பெற்றவனும் கைவிட, வேறு போக்கில்லாமல் திரும்பி வந்து விழுந்தான். கொல்லத்தக்கவனை ராமன் இரக்கத்தால் விட்டான். ஒரு கண் மட்டும் போயிற்று. அவள் பக்கத்தில் இருந்ததால் காக்கை பிழைத்தது, அவள் பக்கத்தில் இல்லாததால் ராவணன் அழிந்தான் என்பார் பிள்ளை உலகாரியர்.

ராவணன் இறந்தபின் நடந்தது இதைவிடப் பெரிது. அசோகவனத்தில் சீதையை மிரட்டி வதைத்த அரக்கிகளைக் கொல்ல அனுமதி கேட்கிறான் அனுமன். அவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சீதை தடுக்கிறாள். அரசன் ஏவியதைச் செய்தார்கள், தவறே செய்யாதவர் யார் இருக்கிறார் என்கிறாள். ராமன் காத்தது சரணம் என்று வந்து விழுந்தவர்களை. இவள் கேட்காதவர்களையே காத்தாள், ஆகவே அம்மா, உன் முன்னால் ராமனின் கூட்டமே இளைத்துப் போயிற்று என்று தாயாரைத் துதிக்கும் ஸ்ரீகுணரத்ன கோசத்தில் பாடுகிறார் ஆசாரியர் பராசர பட்டர்.

நம்புவது என்றால்

இந்தக் குணங்களைத் தெரிந்துகொள்வது ஒன்று. அவற்றை நம்பித் தன்னை ஒப்படைத்துவிடுவது இன்னொன்று. சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் சொல்வார்கள். அதில் மகாவிசுவாசம், அதாவது காப்பான் என்ற அசையாத உறுதி, மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்பது. இதை விளக்க இலங்கையில் அனுமன் கட்டுண்ட கதையை எடுப்பார்கள். இந்திரசித்து பிரம்மாஸ்திரத்தால் அவனைக் கட்டினான். அரக்கர்கள் அது போதாது என்று சணல் கயிற்றாலும் சேர்த்துக் கட்டினார்கள். உடனே பிரம்மாஸ்திரம் தானாகவே விட்டுவிட்டது. சரணடைந்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வேறொன்றையும் பற்றிக்கொள்கிறவன் நிலை இதுதான் என்பார்கள்.

கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் இதே மரபில் பட்டரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு வேடன் முயல்குட்டியைப் பிடித்தான். தாய் முயல் பின்னாலேயே ஓடிவந்து அவன் முன்னால் கிடந்தது. மனசு கேட்காமல் குட்டியை விட்டுவிட்டான். அவன் வாயாலேயே இதைக் கேட்ட பட்டர் நெகிழ்ந்து போனார். சரணடைய வேண்டும் என்று முயலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வந்தவரைக் காக்க வேண்டும் என்று வேடன் எந்தச் சாத்திரமும் படித்ததில்லை. அவனே இப்படி என்றால், காப்பேன் என்று வாக்குக் கொடுத்தவன் என்ன செய்ய மாட்டான்! பட்டருக்கு உறுதி இப்படித்தான் பிறந்தது. நம்பிக்கையை நம் முயற்சியால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அவன் குணத்தைப் பார்க்கப் பார்க்க அது வரும் என்பதே ஆசாரியர்கள் காட்டும் வழி.

நம்மாழ்வார் திருவேங்கடமுடையானிடம் சரணடைகிற பாசுரத்தைப் பாருங்கள்:

"அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல்மங்கை உறை மார்பா
நிகரில் புகழாய் உலகம் மூன்றுடையாய் என்னை ஆள்வானே
நிகரில் அமரர் முனிக்கணங்கள் விரும்பும் திருவேங்கடத்தானே
புகல் ஒன்று இல்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே."

நொடியும் பிரிய மாட்டேன் என்று தாயார் மார்பில் இருக்கிறாள்; முதலில் அவளைச் சொல்லிக்கொள்கிறார். "நிகரில் புகழாய்" என்பதை வாத்சல்யம் என்றும், "உலகம் மூன்றுடையாய்" என்பதைச் சுவாமித்துவம் என்றும், "என்னை ஆள்வானே" என்பதைச் சௌசீல்யம் என்றும், "திருவேங்கடத்தானே" என்பதைச் சௌலப்யம் என்றும் வியாக்கியானக்காரர்கள் காட்டுவார்கள். தன்னைப் பற்றி அவர் சொல்வது ஒன்றே ஒன்று: எனக்குப் போக்கிடம் இல்லை.

துன்பம் வரும்போது

இவ்வளவு நல்ல குணமுடையவன் இருக்கும்போது உலகத்தில் ஏன் இத்தனை வேதனை? இது வெளியில் இருப்பவர்கள் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. நம்மாழ்வாரே கேட்கிறார். பகைவர் சிரிக்க, உறவினர் கரைந்து அழ, எண்ணி முடியாத துயரத்தைத் தருகிறதே, "இவையென்ன உலகியற்கை" என்று அவனிடமே முறையிடுகிறார். வினைப்பயன் என்று நூல்கள் பதில் சொல்கின்றன. வினைக்கேற்ற பலனைத் தருவதால் அவனுக்குப் பட்சபாதமோ கொடுமையோ இல்லை என்று பிரம்ம சூத்திரம் வாதிடுகிறது. வாதமாக அது சரி. வலியில் கிடக்கிறவருக்கு அது ஆறுதல் ஆகிவிடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆறுதல் குலசேகர ஆழ்வாரிடம் கிடைக்கிறது. கேரளத்தில் உள்ள வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பாடிய பதிகத்தில் அவர் துன்பத்துக்குக் காரணம் தேடவே இல்லை. நீ தரும் துயரத்தை நீயே தடுக்காவிட்டாலும் உன்னைத் தவிர எனக்குப் புகல் இல்லை என்கிறார். கோபத்தில் பெற்ற தாய் தள்ளிவிட்டாலும், அவள் அருளையே நினைத்து அழுகிற குழந்தையைப் போல இருக்கிறேன் என்கிறார். அதே பதிகத்தில்,

"வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால்
மாளாத காதல் நோயாளன் போல் மாயத்தால்
மீளாத் துயர் தரினும் வித்துவக்கோட்டம்மா நீ
ஆளா உனதருளே பார்ப்பன் அடியேனே."

அறுப்பதும் சுடுவதும் நோயாளிக்கு வலிக்கவே செய்யும். வலிக்கவில்லை என்று ஆழ்வார் பாசாங்கு செய்யவில்லை. "மீளாத் துயர்" என்றே சொல்கிறார். ஆனால் கத்தி பிடித்திருப்பவர் யார் என்று தெரியும். ஏன் என்பது தெரியாமல் இருக்கும்போதும், யார் என்பது தெரிந்திருக்கிறது. வைணவர்கள் நம்பிக்கை என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

திரௌபதிக்கும் உதவி கேட்டவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. சபையில் மானம் காக்கப்பட்டது. ஆனால் அதன்பின் 13 வருடம் காடும் மறைவு வாழ்க்கையும்தான். இதில் கண்ணனின் மனசு எப்படி இருந்தது என்பதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், தூது வந்த சஞ்சயனிடம் அவனே சொல்கிறான். 'தூரத்தில் இருந்த என்னைக் கோவிந்தா என்று கூப்பிட்டாளே, அது பெருகிய கடனாக என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.' கூப்பிட்டவள் மறந்திருக்கலாம். கேட்டவனுக்கு அது கடனாக நின்றுவிட்டது.

எங்கிருந்து தொடங்கலாம்

முதலிலேயே தத்துவ நூல்களுக்குப் போக வேண்டாம். திருப்பாவையின் கடைசி மூன்று பாசுரங்கள், குலசேகரரின் வித்துவக்கோட்டுப் பதிகம், திருவாய்மொழியில் 'பத்துடை அடியவர்' பதிகம் ஆகியவற்றை மெதுவாக, வாய்விட்டுப் படியுங்கள். பிடித்துப் போனால் வியாக்கியானங்களுக்குப் போகலாம். பெரியவாச்சான் பிள்ளையின் உரைகளும், திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன 'ஈடு' என்ற உரையும் வடமொழி கலந்த மணிப்பிரவாள நடையில் இருப்பதால் முதலில் மிரட்டும். ஈட்டைப் புருஷோத்தம நாயுடு நல்ல தமிழில் ஆக்கித் தர, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. நூலகங்களில் தேடிப் பாருங்கள். ஒரே மூச்சில் படிக்கக்கூடிய நூல் இல்லை அது. ஒரு பாசுரத்தை எடுத்துக்கொண்டு, அதன் உரையைப் படித்துவிட்டு, மறுநாள் அதே பாசுரத்துக்குத் திரும்ப வாருங்கள்.